பஞ்சு எங்கே சாப்பிடுகிறது?

அத்தியாயம் 9

"ஆள் பட்டினி கிடப்பா. பஞ்சுவைக் கிடக்க விடமாட்டா. அதுக்கு யார் தீனி வாங்குறாங்கன்னு பாரு, அவ இருக்கிற இடம் தெரிஞ்சிடும்" என்று கேப்டன் சொன்னதிலிருந்து உதவியாளன் ஊசி, நகரத்தில் உள்ள வளர்ப்புப் பிராணிக் கடைகளுக்கெல்லாம் நடையாய் நடந்து, ஒரு கிளியிடம் கடியும் வாங்கியிருந்தான்.

கேப்டன் என்றால் கப்பல் கேப்டன் இல்லை. ஒரு காலத்தில் பெண்கள் கைப்பந்து அணிக்குத் தலைவியாக இருந்தவள். முழங்கால் முறிந்து ஆட்டம் போனது, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது பூட்டு ரிப்பேர் கடைக்கு மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். ஊசி அவளுடைய உதவியாளன். உடம்பு ஒல்லி என்பதால் வந்த பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். வாயால் வந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

"பஞ்சுவுக்கு இந்நேரம் என்னைப் பத்தித் தகவல் போயிருக்கும் கேப்டன். இத்தனை கடையில விசாரிச்சிருக்கேன். நான் காணாமப் போனா இப்படித் தேடுவீங்களா?"

"உனக்கு என்ன தீனி போடறதுன்னே தெரியாதே. எதை வச்சுத் தேடறது?"

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் சிரிக்கவில்லை. சாம்பல் நிறச் சீருடை, மடியில் தொப்பி. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறவர். தினமும் வேலைக்குப் போகும் வழியில் படியேறி வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். காணாமல் போனது அவருடைய ஒரே மகள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த பெண். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. கைப்பையோடும் பஞ்சுவோடும் வீட்டை விட்டுக் கிளம்பிப் போய்விட்டாள் என்று கணவன் சொன்னான். அன்று சாயங்காலமே அவள் போனிலிருந்து அப்பாவுக்கு ஒரு செய்தி வந்தது. 'நிம்மதியா இருக்கேன். தேட வேண்டாம்.' வயது வந்த பெண், அவளாகப் போனாள், நாங்கள் என்ன செய்ய என்று போலீசும் கையை விரித்தது.

பஞ்சு என்பது ஒரு சுகர் கிளைடர். உள்ளங்கையில் அடங்கிவிடும் பிராணி. அணில் மாதிரி முகம், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் கண். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே மடித்த குடைபோல ஒரு தோல். ராத்திரி ஆனால் அதை விரித்துக்கொண்டு அலமாரியிலிருந்து திரைச்சீலைக்கு மிதந்து போகும். பகலெல்லாம் தூக்கம். அந்தப் பெண் ஒரு சின்னத் துணிப்பையில் அதைப் போட்டுக் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் வேலைக்கே போவாளாம். கண்ணாடி வாங்க வருகிறவர்கள் அவளுடைய நெஞ்சு தானாக அசைவதைப் பார்த்துக் கண்ணில்தான் கோளாறு என்று இன்னும் பெரிய கண்ணாடியாக வாங்கிப் போவார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் பெரியவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

"சாகப் போறவ அதைக் கூட்டிக்கிட்டுப் போவாளாம்மா?" என்று இன்றைக்கும் கேட்டார். "எங்கேயோ நல்லா இருக்கா. என்மேல என்ன கோபமோ. கோபமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

போன் அடித்தது. ஊசி எடுத்துக் கேட்டான். முகம் மாறியது.

"மீன்தொட்டிக் கடைக்காரர், கேப்டன். ஒரு அம்மா வந்திருந்தாங்களாம். அணிலுக்குக் கால்சியம் பவுடர் வேணும்னு கேட்டாங்களாம். இருந்தும் இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டு நமக்குப் போன் பண்றாரு."

பெரியவர் எழுந்துவிட்டார். தொப்பி கீழே விழுந்தது.

"நீங்க வேலைக்குப் போங்கப்பா" என்றாள் கேப்டன். "நிச்சயம் ஆகட்டும், நானே கூப்பிடறேன்."

---

மீன்தொட்டிக்காரர் கடையில் வெளிச்சம் எல்லாம் தொட்டிக்குள்தான் இருந்தது. இருட்டில் நின்றுகொண்டு அவர் ரகசியம் பேசுகிற குரலில் சொன்னார்:

"அணில்னுதான் சொன்னாங்க. அணில் பகல்ல ஓடுமேம்மா, உங்களது ஏன் பகல்ல தூங்குதுன்னு கேட்டேன். திருதிருன்னு முழிச்சாங்க. பின்னங்கால் ரெண்டும் இழுக்குதாம். என்ன கொடுக்கறீங்கன்னேன். பால்ல நனைச்ச ரொட்டியாம்! வாழைப்பழமாம்! அதையும் பகல்ல எழுப்பி எழுப்பி ஊட்டறாங்களாம்."

"அது தப்பா?" என்றான் ஊசி. "எனக்கு அப்படி யாராவது ஊட்டினா நான் பேசாம சாப்பிடுவேன்."

"பால் இதுக்கு ஆகாது தம்பி. தேன், அவிச்ச முட்டை, கொஞ்சம் பழம், அதோட சுண்ணாம்புச் சத்துப் பவுடர். சாயங்காலம் வச்சுட்டுக் காலையில மிச்சத்தை எடுத்துடணும். சுண்ணாம்புச் சத்து குறைஞ்சா முதல்ல பின்னங்கால் விழும். அப்புறம் உயிர்."

"வேற என்ன சொன்னாங்க?" என்றாள் கேப்டன்.

"தன் வாலைத் தானே கடிச்சுக்குதாம். ரத்தம் வர்ற அளவுக்கு."

"எதனால?"

"தனியா இருக்கத் தெரியாத ஜாதிங்க இது. கூட இருந்தவங்க போயிட்டா ஏக்கத்துல தன்னையே கடிச்சுத் தின்னும்."

கேப்டன் ஊசியின் பக்கம் திரும்பினாள்.

"அப்போ அந்த வீட்டுல பஞ்சு இருக்கு. அவ இல்ல."

இதுவரை இது ஓடிப்போன பெண்ணைத் தேடுகிற வேலை. இரண்டு நாள் அலைச்சல், கடைசியில் ஒரு கண்ணீர், ஒரு சமாதானம் என்றுதான் ஊசி கணக்குப் போட்டிருந்தான்.

"அந்த அம்மா எப்படி இருந்தாங்க?" என்றாள் கேப்டன்.

"நடுத்தர வயசு. பதட்டமா இருந்தாங்க. ஆங்... கை. விரலெல்லாம் தண்ணியில ஊறின மாதிரிச் சுருங்கி வெளுத்திருந்துது. முழங்கைக்குக் கீழே சூட்டுக்கோடு. ஒண்ணு இல்ல, நாலஞ்சு. ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி."

"சமையல் வேலையா இருக்கும்" என்றான் ஊசி.

"சட்டி சுட்டா வளைஞ்சு சுடும். நேர்கோடா சுடறது எது?" என்றாள் கேப்டன்.

ஊசி தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். ஒரு மடிப்பும் உருப்படியாக இல்லாத சட்டை. அதைப் பார்த்ததும்தான் உறைத்தது. "இஸ்திரிப் பெட்டி! சலவைக்கடை! கேப்டன், புருஷனோட அக்கா! முதல் நாள் அவன் வீட்டுக்குப் போனப்போ நம்மகிட்டப் பேசிக்கிட்டே கொடியில கிடந்ததையெல்லாம் மடிச்சு அடுக்கினாங்களே. என் கைக்குட்டையையும் வாங்கி மடிச்சுக் குடுத்தாங்க."

"அதேதான். நாத்தனார்."

"எங்க அம்மா சொல்ற கதையில நாத்தனார் கை கிள்ளத்தான் செய்யும். இது பவுடர் தேடி அலையுது."

கேப்டன் பவுடர் டப்பாவையும் ஒரு சொட்டுக்குழாயையும் எடுத்துக்கொண்டாள்.

---

சலவைக்கடையில் நீராவி முகத்தில் அறைந்தது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். உள்ளே அதற்கு மேல். ஒரு பக்கம் இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. மறு பக்கம் நீளமான கம்பியில் காலி ஹேங்கர்கள் வரிசையாகத் தொங்கின.

கேப்டன் மிரட்டவில்லை. கேள்விகூடக் கேட்கவில்லை. டப்பாவை இஸ்திரி மேஜைமேல் வைத்தாள்.

"பின்னங்கால் இழுக்குதுன்னீங்களாமே. இன்னிக்கே கொடுக்கணும்க்கா. தேன் இருக்கா? ஒரு முட்டை அவிக்க முடியுமா?"

அந்த அம்மாள் டப்பாவைப் பார்த்தாள். கேப்டனைப் பார்த்தாள். கடை வாசலைப் பார்த்தாள். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்னறைக்கு நடந்தாள்.

துணிக்கூடை ஒன்றின் வாயில் வலையைக் கட்டிப் பஞ்சுவை உள்ளே விட்டிருந்தாள். கழுத்தில் சாக்ஸை வெட்டித் தைத்த பட்டை, வாலைக் கடிக்காமல் இருக்க. கை பழகாதவர்கள் செய்த வேலைதான், ஆனால் தையல் ஒவ்வொன்றும் பொடிப்பொடியாக, கவனமாக விழுந்திருந்தது. வாலின் நுனி கறுத்து ரோமம் உதிர்ந்திருந்தது. ஊசி கூடைக்குள் கை வைத்ததும் பஞ்சு, கிளம்ப மறுக்கும் சின்ன மோட்டார் மாதிரி ஒரு சத்தம் போட்டது.

"என்னைத் திட்டுது" என்றான் ஊசி தணிந்த குரலில். "திட்டற அளவுக்குத் தெம்பு இருக்கு. நல்லது."

கேப்டன் மஞ்சள் கருவையும் தேனையும் பவுடரோடு குழைத்துச் சொட்டுக்குழாயில் ஏந்தினாள். பஞ்சு முகத்தைத் திருப்பியது. மறுபடி நீட்டினாள். ஒரு துளியை நக்கியது. நின்றது. பிறகு இரண்டு முன்னங்கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு விடாமல் நக்கத் தொடங்கியது. பின்னங்கால்கள் மட்டும் யாரோ கட்டிவிட்ட நூல்போலப் பின்னால் கிடந்தன.

அதைப் பார்த்ததும் அந்த அம்மாள் யாரும் கேட்கும் முன்பே அழுதுவிட்டாள்.

"பால் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதும்மா. பசியா இருக்கேன்னு கொடுத்தேன்."

"உங்க தம்பி கொண்டுவந்து குடுத்தாரா?"

"அவனுக்கு இது இங்கே இருக்கிறதே தெரியாது."

"அப்புறம் எப்படி வந்துது?"

"கோட்டுல வந்துது."

அவளுடைய தம்பி கோல்ட் ஸ்டோரேஜில் சூப்பர்வைசர். மீன், இறைச்சி, பட்டாணி என்று நகரத்துச் சரக்கெல்லாம் உறைந்து கிடக்கும் கிடங்கு. உள்ளே போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் பஞ்சடைத்த கோட்டுகளை அவன்தான் மூட்டையாகக் கட்டி அக்காவிடம் வெளுக்கக் கொண்டுவருவான். மனைவி போய்விட்டாள் என்று எல்லோருக்கும் சொன்ன அன்றும் விடிந்ததும் கொண்டுவந்து போட்டிருக்கிறான்.

"பாக்கெட்டுல எதையாவது விட்டிருப்பாங்கன்னு எப்பவும் தடவிப் பார்ப்பேன். கையில தட்டுப்பட்டுது. கல்லு மாதிரி விறைச்சு, ஜில்லுன்னு. செத்த எலின்னு நினைச்சேன். வெளியில எடுத்துப் பார்த்தா பஞ்சு. தூக்கிப் போட மனசு வரல. இஸ்திரி மேஜை சூடா இருந்துது. துணியில சுத்தி அதுமேல வச்சேன். ரொம்ப நேரம் கழிச்சு மீசை ஆடுச்சும்மா. ஒரே ஒரு மீசை."

"குளிர் தாங்காட்டி இது செத்த மாதிரி உறைஞ்சுடும். சூடு பட்டா எழுந்திரிக்கும்" என்றாள் கேப்டன். "ஊசி, வெளியில என்ன வெயில்?"

"நடந்து வந்ததுல என் நிழலே கருகிடுச்சு."

"அப்போ பஞ்சு எங்கே போய் விறைச்சுது?"

"ஐஸ்கிரீம் கடைக்கு..." என்று வாய் பழக்கத்தில் தொடங்கியது. பாதியில் அவனே கேட்டுக்கொண்டான் அது என்ன சொல்கிறது என்று. வாயை மூடினான்.

கேப்டன் அந்த அம்மாளின் சுருங்கிய விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "அது உங்க தம்பியோட கோட்டா?"

"இல்ல. அவனுது பெரிசு, பேர் தச்சிருக்கும். இது பார்க்க வர்றவங்க போட்டுக்கட்டும்னு வாசல்ல தொங்கவிட்டிருக்கிற கோட்டு. அதுலேயே சின்னது."

"எந்தப் பாக்கெட்?"

"உள் பாக்கெட். நெஞ்சுக்கிட்ட."

"மூடி பட்டன் போட்டிருந்துதா, திறந்திருந்துதா?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். விரல்கள் தாமாகவே காற்றில் ஒரு பட்டனைக் கழற்றிப் பார்த்தன. "போட்டிருந்துது. நான்தான் கழட்டினேன்."

ஊசிக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பஞ்சுவுக்குப் பாக்கெட்டுக்குள் ஏறத் தெரியும். ஏறிய பிறகு பட்டன் போட்டுக்கொள்ளத் தெரியாது. அதைப் போட்டது வேறொரு கை. தன் காலால் நடந்து போய், வாசலில் அந்தச் சின்னக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கழுத்துப் பைக்குள் பஞ்சு நடுங்குவது தெரிந்ததும் அதை இன்னும் கதகதப்பான இடத்துக்கு மாற்றி, விழுந்துவிடாமல் பட்டனையும் போட்ட கை. கோட்டு வெளியே வந்துவிட்டது. அதைப் போட்டிருந்தவள் வந்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் கேப்டன். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. "அன்னிக்கே ஏன் தம்பியைக் கேக்கல?"

"கேட்டா பதில் சொல்லிடுவானோன்னு பயமா இருந்துது."

அவள் துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். "என்னை அண்ணி அண்ணின்னு வாய் நிறையக் கூப்பிடுவாம்மா. நான் வளர்த்த பிள்ளை அவன். அம்மா போனப்போ இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு வளர்த்தேன். இதை மட்டுமாவது சாகவிடக் கூடாதுன்னு..."

கேப்டன் பேச்சைக் கேட்டுக்கொண்டே காலி ஹேங்கர் வரிசையைப் பார்த்தாள். "கோட்டெல்லாம் எங்கே?"

"காலையில வந்து மொத்தத்தையும் எடுத்துட்டுப் போயிட்டான். நிறையக் கூலியாள் வர்றாங்களாம். தேதி போன சரக்கெல்லாம் ஒரு அறையில கிடக்காம். லாரியில ஏத்திக் கொளுத்தற இடத்துக்கு அனுப்பணுமாம். இன்னிக்கே முடிச்சாகணும்னு ஒரே அவசரம்."

கேப்டன் ஓடினாள். முறிந்த முழங்காலோடு அவள் ஓடி ஊசி பார்த்ததே இல்லை.

---

வழியெல்லாம் கேப்டன் போலீஸ் இன்ஸ்பெக்டருக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஊசி காரை விரட்டினான். கிடங்கின் வாசலில் லாரி பாதி நிறைந்து நின்றது. மெழுகு பூசிய அட்டைப்பெட்டிகளைக் கைமாற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"குறுக்கே நிறுத்து" என்றாள் கேப்டன்.

ஊசி லாரியின் மூக்கை ஒட்டிக் காரை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். டிரைவர் அவனுடைய வம்சத்தையே இழுத்துத் திட்டினான். "வண்டி நின்னு போச்சுண்ணே. பேட்டரிக்கு மனசு சரியில்லை" என்றான் ஊசி.

உள்ளேயிருந்து கணவன் வந்தான். பெரிய கோட்டு, நெஞ்சில் தைத்த பெயர், நெற்றியில் வியர்வை. தணிந்து பேசும் ஆள். கோபம் வந்தால்கூட மரியாதை குறையாத ஆள்.

"என்ன மேடம் இங்கே? அவளைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒரே ஒரு சந்தேகம். உங்க மனைவி இங்கே எப்பவாவது வந்திருக்காங்களா?"

"அவளுக்குக் குளிர்னாலே ஆகாது. இந்த வாசப்படி மிதிச்சதில்ல."

"சரி. ஒரு நல்ல செய்தி சொல்லத்தான் வந்தேன். பஞ்சு கிடைச்சிடுச்சு. உயிரோட இருக்கு."

அவன் முகத்தில் எதுவும் அசையவில்லை. வாய் மட்டும் சொன்னது: "இருக்க முடியாதே."

"ஏன் முடியாது?"

பதிலை அவன் கண் சொல்லிவிட்டது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நடைக்கூடத்தின் கடைசியில் இருந்த கதவுக்குப் போய்விட்டுத் திரும்பியது. கேப்டனும் அந்தக் கதவைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவன் பார்த்தான். கூலியாட்கள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு இவர்களையே பார்த்தார்கள். அந்தக் கதவுக்கு முன்னால் இன்னும் ஆள் உயரத்துக்குப் பெட்டிகள் மிச்சம் இருந்தன. உடம்பில் கோட்டு இல்லாமல், மூச்சு புகையாக வர, ஊசி முதல் பெட்டியைத் தூக்கி நகர்த்தினான். யாரும் சொல்லாமலே ஒரு கூலியாள் அடுத்ததைத் தூக்கினான்.

இன்ஸ்பெக்டர் வந்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள்.

ஊசி உள்ளே போகவில்லை. நிலைப்படியிலிருந்து பார்த்தான். சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பை பக்கத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. மூக்குக்கண்ணாடியில் பனி பூத்திருந்தது. கழுத்தில் சின்னத் துணிப்பை. காலியாக.

ரத்தம் இல்லை. காயம் இல்லை.

---

கணவனை ஒரு கவிழ்த்த பெட்டிமேல் உட்காரவைத்து இன்ஸ்பெக்டர் கேட்டார். அவன் வேலை விவரம் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

"வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தா சார். இனிமே அப்பாகூடத்தான் இருக்கப் போறேன்னா. இதை இப்படி வாசல்ல நின்னு சொல்லாதே, உள்ளே வந்து பேசுன்னேன். கோட்டைப் போட்டுக்கிட்டு வந்தா. பேசினோம். முடிவை மாத்திக்க மாட்டேன்னுட்டா."

"அடிச்சியா?"

"இல்ல சார். நான் மேல கையே வைக்கல." அது தனக்குச் சாதகமான விஷயம் என்பதுபோல நிமிர்ந்து பார்த்தான். "கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான்."

"போன்?"

"வாசல்லயே வாங்கி வச்சுட்டேன். உள்ளே எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு விதி."

கேப்டன் இதுவரை பேசவில்லை. இப்போது கேட்டாள்: "கோட்டு எப்படி வெளியில வந்துது?"

"ஒண்ணு குறைஞ்சாலும் கம்பெனியில தேடுவாங்க. கழட்டிக் குடுன்னேன்."

"பிடுங்கினீங்களா?"

"மாட்டேன்னுதான் முதல்ல கத்தினா. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. நான் வழியை மறைச்சு நின்னேன். அப்புறம் என்ன தோணுச்சோ, கத்தறதை நிறுத்திட்டா. நெஞ்சுல கையை வச்சுக் கொஞ்ச நேரம் நின்னா. அவளே கழட்டி மடிச்சுக் குடுத்தா." அவன் நெற்றியைச் சுருக்கினான். இன்னும் அவனுக்கு அது விளங்கவில்லை. "கசக்காதீங்க, மெதுவா மாட்டுங்கன்னா. புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன்."

இன்ஸ்பெக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஊசி போகவில்லை. அவன் அந்தக் கோட்டிலேயே நின்றுவிட்டான். உறைய வைக்கும் அறை. போட்டிருப்பது ஒரே கோட்டு. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கோட்டு மட்டும்தான் வெளியே போகப்போகிறது என்பதும் தெரியும்.

பக்கத்தில் கேப்டன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. ஊசி அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தான்.

பெரியவரை ஒரு காவலர் அழைத்து வந்தார். சீருடையோடே வந்திருந்தார். லாரி, போலீஸ், கூட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தவர், கேப்டன் முன்னால் வந்ததும் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. கேப்டனே சொன்னாள். சுற்றி வளைக்காமல், இரண்டே வாக்கியத்தில்.

அவர் தன் கையையே பார்த்தார். நாளெல்லாம் பட்டனை அழுத்தி ஆட்களை மேலும் கீழும் கொண்டுபோன கை.

"உள்ளே... ரொம்ப நேரம் உயிரோட இருந்தாளாம்மா?"

"இல்லப்பா" என்றாள் கேப்டன், அவர் கண்ணை நேராகப் பார்த்து. "கதவு மூடினதுமே மயக்கம் போட்டிருக்கா. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. டாக்டரும் அதைத்தான் சொல்லுவாரு."

கேப்டனோடு வேலை பார்த்த இத்தனை காலத்தில் அவள் ஒரு பொய் சொல்லி ஊசி கேட்டதில்லை. கோட்டைப் பற்றி அவரிடம் சொல்லவேண்டும் என்று அவனுக்கு வாய்வரை வந்தது. கேப்டன் அவன் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். பிறகொரு நாள் கோர்ட்டில் யாரோ ஒரு வக்கீல் அதை வாசிக்கத்தான் போகிறார். இன்றைக்கு வேண்டாம்.

"நான் பார்க்கணும்" என்றார் பெரியவர்.

இன்ஸ்பெக்டர் தடுக்கப் பார்த்தார். கேப்டன் தலையை ஆட்டினாள். அவர் விலகிக்கொண்டார்.

வாசலில் நின்ற கிடங்குக் காவலாளி, உள்ளே போகிற யாருக்கும் செய்கிற பழக்கத்தில், கொக்கியிலிருந்து ஒரு கோட்டை எடுத்து அவரிடம் நீட்டினான். "போட்டுக்கங்கய்யா. உள்ளே ரொம்பக் குளிரும்."

பெரியவர் அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"என் பொண்ணு உள்ளேதானே இருக்கா" என்றார்.

மெல்லிய சாம்பல் சட்டையோடு உள்ளே நடந்தார். கேப்டனும் கோட்டு வாங்காமல் அவர் பின்னால் போனாள். தானாக மூடிக்கொள்ளும் கனத்த கதவு அது. மெல்ல நகரத் தொடங்கியது. ஊசி பாய்ந்து போய்த் தோளைக் கொடுத்து அதை நிறுத்தினான். குளிர் சட்டைக்குள் புகுந்து எலும்பைத் தொட்டது. பல் கிட்டிக்கொண்டது. காவலாளி வந்து, "விடுங்க சார், நான் பிடிச்சுக்கறேன்" என்றான்.

"வேண்டாம்" என்றான் ஊசி.

அவர்கள் வெளியே வரும்வரை அந்தக் கதவை அவன் மூட விடவில்லை.